மொண்ணைக்குளத்தார் ஆடம்பரத்தைத் தலைமுழுகியது

மொண்ணைக்குளத்துக்காரர்களாகிய எங்களைப் பற்றிப் பக்கத்து ஊர்களில் பலவிதமாகச் சொல்வார்கள். அதையெல்லாம் நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. காதில் போட்டுக்கொள்ள எங்களிடம் கடுக்கன் இருக்கிறது. எங்களுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. சொன்ன சொல்லைத் தட்ட மாட்டோம். என்ன சொன்னார்களோ அதை எழுத்துப் பிசகாமல் செய்துவிடுவோம். அதற்கு மேல் யோசிப்பது வீண் செலவு என்பது எங்கள் அபிப்பிராயம்.

எங்கள் ஊர் மேலத் தெருவில் ஒரே வீட்டில் நான்கு பேர் கூட்டாகக் குடியிருந்தார்கள். நான்கு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மூத்தவர் கோமதிநாயகம். எதையும் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார், பாதி யோசனையில் தூங்கிவிடுவார். அடுத்தவர் அய்யாத்துரை. யார் என்ன சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். மூன்றாமவன் மாசானம். அவன் தலையில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது. நான்காவது ஆள் ஒளிமுத்து. கதை அவனுடையது.

நான்கு பேரும் சிக்கனத்துக்குப் பேர் போனவர்கள். வீட்டுக்கு ஒரே சீப்பு, அதில் பதினோரு பல். முறை வைத்துத் தலை சீவுவார்கள். மாசானமும் தன் முறையை விட்டுக்கொடுத்ததில்லை. "பங்குன்னா பங்குதான்" என்று சீப்பை வாங்கி, முதுகைச் சொறிந்துகொண்டு, அடுத்தவனிடம் கொடுப்பான். வீட்டுக்கு ஒரே வாசனை சோப்பு. அதை நூலில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். குளித்துவிட்டு வருகிறவன் அதன் எதிரில் நின்று மூன்று முறை மூச்சை இழுத்துவிட்டுப் போக வேண்டும். அய்யாத்துரை ஒரு நாள் நான்காவது முறை இழுத்துவிட்டார் என்று பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

இப்படிப்பட்ட வீட்டில் ஒளிமுத்துவுக்கு மட்டும் ஒரு பலவீனம் இருந்தது. அவனுக்கு அழகாக இருக்க ஆசை. ஆசை இருந்தாலும் கை வராது. பவுடர் வாங்கலாம் என்று கடை வாசல் வரை போவான், விலையைக் கேட்டதும் வேர்த்துவிடும். அப்படி வேர்க்கிற முகத்தில் பவுடர் நிற்காது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பிவிடுவான். தான் ஒரு கஞ்சன் என்பதும் ஒரு மினுக்கி என்பதும் அவனுக்கே தெரியும். இரண்டில் ஒன்றாகவாவது உருப்படியாக இருந்திருக்கலாம் என்று அடிக்கடி வருத்தப்படுவான்.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். தினமும் சாயங்காலம் மாவு மில்லுக்குப் போய், அரிசி அரைக்கும்போது இயந்திரத்துக்கு எதிரே முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பான். கால் மணி நேரத்தில் முகம் வெளுத்துப் பளபளவென்று ஆகிவிடும். காசு செலவில்லை. மிளகாய் அரைக்கிற நாளில் மட்டும் முகத்துக்கு வேறு விதமான களை வரும். இரண்டு நாள் கண் திறக்காது.

அந்த மில்லில்தான் செண்பகவடிவு அவனைப் பார்த்தாள். பக்கத்து ஊர்த் தளவாய் என்பவரின் இரண்டு மகள்களில் மூத்தவள். பச்சரிசி அரைக்க வந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன பவுடர் போடுதிய?" என்று கேட்டாள்.

"பச்சரிசி" என்றான் ஒளிமுத்து.

அவள் சிரித்தாள். கேலியாகச் சிரிப்பதற்கும் பிரியமாகச் சிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஊர்க்காரனுக்குக்கூடத் தெரியும். முதல் வகைச் சிரிப்பைத்தான் நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோமே. அன்று ஒளிமுத்து மாவைத் துடைக்காமலே படுத்தான்.

செண்பகவடிவு வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். தளவாய் விசாரித்தார். பிறகு தரகர் சங்குமுத்துவிடம் சொல்லி அனுப்பினார். தரகர் ஒளிமுத்து வீட்டு வாசலில் நின்றபடியே சேதியைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை காலைல வீடு பாக்க வாராரு. மகளுக்குப் பிடிச்சுப் போச்சு, அதனால யோசிக்காரு. ஆனா பையன் மினுக்குத ஆளுன்னு யாரோ சொல்லிட்டாவ. ஆடம்பரத்தை எல்லாம் தலைமுழுகிட்டு இருக்கணும், இல்லன்னா இந்தப் பேச்சே வேண்டாம்னுட்டாரு. ஞாபகம் வச்சுக்கிடும்."

தரகர் போய்விட்டார். ஆடம்பரத்தை அடியோடு விட்டுவிடு என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் மொண்ணைக்குளம் இல்லை.

 ஒளிமுத்துவுக்கு இதற்கு முன் ஆறு இடம் தட்டிப் போயிருந்தது. மூன்று வீட்டில் கஞ்சன் என்றார்கள், மூன்று வீட்டில் மினுக்கி என்றார்கள். ஏழாவதாக ஒருத்தி தானாகவே சரி என்று சொல்லியிருக்கிறாள். இதையும் கோட்டை விட்டால் அப்புறம் ஆயுசு முழுக்கச் சோப்பை முகர்ந்துகொண்டு இருக்க வேண்டியதுதான். அவன் மற்ற மூவரையும் உட்கார வைத்தான்.

கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல வேளையாக அன்று தூங்கவில்லை.

"எண்ணெய் தேச்சுத் தலைமுழுகணும்னா என்ன வேணும் வே?"

"எண்ணெய்" என்றான் ஒளிமுத்து.

"சீயக்காய் போட்டுத் தலைமுழுகணும்னா?"

"சீயக்காய்."

"அப்போ ஆடம்பரத்தைத் தலைமுழுகணும்னா?"

 மாசானம் மெதுவாக, "ஆடம்பரம் வேணும்" என்றான்.

"வீட்டுல இருக்கா?"

வீடு முழுக்கத் தேடினார்கள். சீப்பு இருந்தது, கண்ணாடித் துண்டு இருந்தது, தொங்குகிற சோப்பு இருந்தது. ஆடம்பரம் என்று சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. இத்தனை வருஷம் சிக்கனமாக இருந்ததால் இப்போது ஆடம்பரத்தைத் தலைமுழுகக்கூட வழியில்லாமல் போய்விட்டதே என்று ஒளிமுத்து தலையில் அடித்துக்கொண்டான்.

"வாங்கிருவோம்" என்றார் கோமதிநாயகம். "கொஞ்சமா வாங்கப்பிடாது. 'ஆடம்பரத்தை எல்லாம்'னுல்லா சொல்லியிருக்காரு."

"அதுவும் சரிதான்" என்றார் அய்யாத்துரை.

கல்யாணத்துக்கென்று ஒளிமுத்து சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு நால்வரும் டவுனுக்குப் போனார்கள். கல்யாணம் நடக்க வேண்டுமானால் கல்யாணப் பணத்தைச் செலவழித்துத்தானே ஆக வேண்டும். பெரிய பேன்சி ஸ்டோர் ஒன்றில் ஏறி, "ஆடம்பரம் இருக்கா?" என்று கேட்டார்கள். கடைக்காரர் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிறவர். கொஞ்சமும் அசராமல், "உக்காருங்க, எடுத்துக் காட்டுதேன்" என்றார்.

பாதாம் ஷாம்பு, மல்லிகைத் தைலம், பன்னீர், முகத்துக்குக் கிரீம், முகம் கழுவிய பிறகு போடும் கிரீம், அந்தக் கிரீமைக் கழுவுவதற்கு ஒரு கிரீம் என்று எல்லாம் வந்தன. ஒவ்வொன்றாக விலை கேட்கக் கேட்க ஒளிமுத்துவுக்கு வேர்த்தது. செண்பகவடிவை நினைத்துக்கொண்டு துடைத்தான். கடைசியில் கடைக்காரர் கறுப்பு டை பாக்கெட்டை எடுத்து வைத்தார்.

"எனக்கு முடி கறுப்பாத்தானே இருக்கு?" என்றான் ஒளிமுத்து.

கோமதிநாயகம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "நரைச்சவன் டை அடிச்சா அது தேவை வே. கறுத்தவன் அடிச்சாத்தான் ஆடம்பரம்."

 கடைக்காரர்கூடக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, "தலைக்கு ஒரு பாக்கெட் போதும்" என்றார்.

"அப்போ நாலு" என்றான் மாசானம்.

"உமக்கு எதுக்கு வே?" என்றார் அய்யாத்துரை, வாழ்க்கையில் முதல் முறையாக ஆட்சேபித்து.

"தலைக்கு ஒண்ணுன்னுதான சொன்னாரு? எனக்குத் தலை இருக்கு. முடிதான் இல்ல."

"அதுவும் சரிதான்" என்றார் அய்யாத்துரை.

"எல்லாத்தையும் தலையில தேச்சு, பத்து நிமிஷம் ஊற விட்டு அலசுங்க" என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். இவ்வளவு சாமானையும் ஒரே தலைக்குக் கொட்டுவது ஊதாரித்தனம், நான்கு பேரும் சேர்ந்து தலைமுழுகுவதுதான் சிக்கனம் என்று சாமானை எடுத்து வைக்கும்போதே தீர்மானமாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் முற்றத்தில் பெரிய அண்டாவை வைத்து, தண்ணீர் நிரப்பி, வாங்கியதை எல்லாம் கொட்டிக் கலக்கினார்கள். தண்ணீர் கறுத்து, நுரைத்து, மல்லிகைத் தோட்டமாக மணத்தது. ஒளிமுத்து முதலில் குனிந்தான். தலை முழுக வேண்டும் என்பதால் கழுத்து வரை உள்ளே விட்டான். கோமதிநாயகம் பத்து நிமிஷத்தை எண்ணத் தொடங்கினார். ஐம்பதைத் தாண்டும்போது ஒளிமுத்து திணறிக்கொண்டு எழுந்தான்.

"ஊறவே இல்ல, அதுக்குள்ள எந்திரிச்சா எப்படி? மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணணும்."

"மூச்சு முட்டுது அண்ணாச்சி."

"எல்லாத்துலயும் சிக்கனமா இருக்கவன் மூச்சு விடுததுல மட்டும் ஏன் வே தாராளமா இருக்கீரு?"

ஒளிமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. மறுபடி குனிந்தான். இப்படி ஒன்பது தடவை. செண்பகவடிவுக்காக உயிரைக் கொடுப்பேன் என்று மனசுக்குள் அவன் சொல்லிக்கொண்டது உண்டு. அது இவ்வளவு சீக்கிரம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

பிறகு மற்றவர்களும் முழுகினார்கள். எல்லாம் முடிந்தபோது கழுத்துக்கு மேல் நான்கு பேரும் ஒரே நிறம். கண்ணும் பல்லும்தான் தனியாகத் தெரிந்தன. மாசானம் கண்ணாடித் துண்டில் தன் தலையைப் பார்த்தான். தூரத்தில் வைத்துப் பார்த்தால் கருகருவென்று முடி முளைத்த மாதிரியே இருந்தது. அவன் அழுதுவிட்டான்.

அந்த நேரம் பார்த்துத் தளவாயும் தரகரும் உள்ளே வந்தார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து மல்லிகை வாசத்தைப் பிடித்துக்கொண்டே வந்ததால் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. தளவாய் நான்கு கறுப்புத் தலைகளையும் காலிப் பாட்டில்களையும் பார்த்தார்.

"என்னவே இது?"

"ஆடம்பரத்தை எல்லாம் தலைமுழுகிட்டோம் மாமா" என்றான் ஒளிமுத்து பெருமையாக. "ஒரு சொட்டு பாக்கி இல்ல."

தரகருக்கு விஷயம் புரிந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். தளவாய் சிரிக்கவில்லை. காலிப் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். 

"ஆடம்பரத்தை விட்டுத் தொலைன்னு சொன்னா, ஊர்ல உள்ள ஆடம்பரத்தை எல்லாம் வாங்கித் தலையில கொட்டியிருக்கான். இவனுக்கா எம்மகளைக் குடுப்பேன்? தரகரே, கெளம்பும். இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

 ஒளிமுத்துவின் கறுத்த முகத்தில் கண்ணீர் கறுப்பாகவே வழிந்தது. "மாமா, கை நனைக்காட்டா என்ன ஆவும்?" என்று கேட்டான்.

"சம்பந்தம் முடிஞ்சாத்தான் அந்த வீட்டுல கை நனைப்போம். கை நனைச்சாச்சுன்னா அப்புறம் பேச்சு மாற முடியாது. இது ஒமக்குத் தெரியாதா? அதான் நனைக்காமப் போறேன்."

சாப்பிடுவதைத்தான் அவர் சொன்னார். கோமதிநாயகம் கண்ணை மூடினார், உடனே திறந்தார். அவ்வளவு சீக்கிரமாக அவர் யோசித்து முடித்ததை நாங்கள் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"நனைச்சாப் போதுமாம் வே" என்றார்.

அய்யாத்துரை இடது பக்கம், கோமதிநாயகம் வலது பக்கம். தளவாய் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவருடைய வலது கை முழங்கை வரை அண்டாவுக்குள் இருந்தது. "பத்து நிமிஷம் ஊறணும் மாமா" என்று மரியாதையாகச் சொல்லிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒளிமுத்து விசும்பிக்கொண்டே எண்ணினான்.

கை வெளியே வந்தபோது கரிய நிறத்தில் மின்னியது, மணத்தது. தளவாய் வேட்டியில் துடைத்துப் பார்த்தார். வேட்டிதான் கறுத்தது. மூன்று மாசத்துக்கு இந்தக் கையோடு ஊரில் நடமாட வேண்டும். கை எங்கே நனைந்தது என்று பார்க்கிறவன் எல்லாம் கேட்பான். தரகரைத் திரும்பிப் பார்த்தார். தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வழக்கப்படி பாத்தா, கை நனைஞ்சிருக்கு அண்ணாச்சி" என்றார்.

தளவாய் அண்டாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆவணியில நாள் பாரும்" என்று முனகினார்.

ஒளிமுத்து அவர் காலில் விழுந்து எழுந்தான். காலும் கொஞ்சம் கறுத்தது. அவர் சொன்னதை நம்ப முடியாமல் மூச்சைச் சிக்கனம் பார்க்காமல் இழுத்து இழுத்து விட்டான்.

மாசானம் மட்டும் கண்ணாடித் துண்டில் ஒரு தடவை தன் தலையைப் பார்த்துக்கொண்டு, தளவாயின் பக்கத்தில் வந்து அடக்கமாக உட்கார்ந்தான்.

"மாமா, சின்னவளுக்கும் மாப்பிள பாக்குதியளாம்லா. இடது கை சும்மாத்தான இருக்கு?"