தொள்ளாயிரம் கிலோ சந்தேகம்

"என்னை ஃபெயில் பண்ணிடுங்க, மேடம்" என்றார் கேப்டன் ஞானதிரவியம்.

விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் என்ற போலி விமானி அறையில் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் தப்ப முடியாது. ஞானதிரவியத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. அவரைச் சோதிக்க உட்கார்ந்திருந்த கேப்டன் நிலோஃபருக்கு முப்பத்தெட்டு.

பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சியவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இது புதிதாக இருந்தது.

"ஏன் சார்?"

"ராஜினாமா எழுத மனசு வரல. நீங்க ஃபெயில் பண்ணிட்டா வீட்டுல சொல்லிக்கலாம்."

"மொதல்ல உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். மூன்று மாதத்துக்கு முன்பு அவர் துபாயிலிருந்து திருச்சிக்கு விமானத்தை ஓட்டிவந்தார். அரபிக்கடலுக்கு மேலே கணக்கு உதைத்தது. ஏற்றிய எரிபொருளில் எரிந்தது போக இருக்க வேண்டியதைவிடத் தொள்ளாயிரம் கிலோ குறைவாகக் காட்டியது.

பணிப்பெண்களை அனுப்பி இரண்டு பக்கமும் ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் ஒழுகவில்லை. துணை விமானியோடு சேர்ந்து மறுபடி கூட்டிப் பார்த்தார். அதே தொள்ளாயிரம். மும்பையில் இறக்கிவிட்டார்.

பொறியாளர்கள் நான்கு மணி நேரம் குடைந்தார்கள். கசிவே இல்லை. அளவு காட்டும் கருவிதான் பொய் சொல்லியிருந்தது.

கம்பெனி அவரைப் பாராட்டிக் கடிதம் கொடுத்தது. கம்பெனிக்கென்ன, கடிதம் கொடுக்கும்.

"திருச்சியில எல்லாரும் இறங்கினப்புறம் ஒரு அம்மா கதவுகிட்ட நின்னாங்க, மேடம். அவங்கம்மா சாகக் கிடந்தாங்களாம். நாங்க மும்பையில நின்னுக்கிட்டிருந்தப்போ உயிர் போயிருச்சு. அவங்க என்னைத் திட்டல. 'ஒண்ணுமே இல்லையாமே, சார்'னு மட்டும் கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. இன்னைக்கும் இல்ல."

"அதுக்கா ஃபெயில் பண்ணச் சொல்றீங்க?"

"இல்ல." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "போன வாரம் திரும்பவும் கணக்கு உதைச்சுது. முந்நூறு கிலோ. நான் வாயே திறக்கல. கோ-பைலட் என்னைப் பாத்தார். நான் ஜன்னலைப் பாத்தேன். நல்லபடியா இறங்கிட்டோம். ஆனா அடுத்த தடவையும் நான் ஜன்னலைத்தான் பாப்பேன், மேடம். நூத்தி எண்பது பேர் பின்னால உக்காந்திருப்பாங்க."

நிலோஃபருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. ஆறுதல் சொல்லாமல் எழுந்துபோய் சிமுலேட்டர் கதவைத் திறந்தாள்.

அதே விமானம், அதே கடல், அதே தொள்ளாயிரம் கிலோ. எல்லாவற்றையும் கணினியில் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இப்ப நிஜமாவே கசியுதா, மேடம்? இல்ல, கருவிதானா?"

"சொல்ல மாட்டேன்."

எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அவர் கூட்டினார். மறுபடி கூட்டினார். தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. அங்கே கணினி வரைந்த கடல் நீலமாகக் கிடந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது. நிலோஃபரின் குரல்தான். ஆனால் சோதிக்கிறவளின் குரலாக இல்லை.

"சார், எங்கம்மாவுக்கு ரொம்ப முடியல. சீக்கிரம் திருச்சி போயிருவோமா?"

அவர் கை அப்படியே நின்றது.

விமானிகள் அழமாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஞானதிரவியம் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு விமானத்தை மும்பைப் பக்கம் திருப்பினார்.

"இல்லம்மா. மும்பையில இறங்குறோம். எரிபொருள் கசியுதோன்னு சந்தேகமா இருக்கு."

"இறங்கிப் பாத்து, ஒண்ணுமே இல்லைன்னா?"

"ஒண்ணுமே இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தாம்மா இறக்குறேன்."