ராஜாவுக்கு முன்னால் போகாத தோசைக்கல்

பனங்குளம் சமஸ்தானத்து ராஜாவுக்கு ஏகப்பட்ட பட்டப்பெயர்கள். எல்லாவற்றையும் எழுதினால் கதைக்கு இடம் இருக்காது. ரணதீர ராஜா, அவ்வளவு போதும். வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவருக்கு ஒரு சைக்கிளைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. யானை போச்சு, குதிரை போச்சு, பல்லக்கு போச்சு. சபையில் இருந்த அத்தனை பேருக்கும் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, ஓட்டித்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டார்.

ராஜா நன்றாக ஓட்டுவாரா? உண்மையைச் சொன்னால், இல்லை. நடந்து போகிறவன் அவரைத் தாண்டிவிடுவான். ஆனால் தாண்டக் கூடாதே! ராஜாவுக்கு முன்னால் யாரும் போகக் கூடாது என்பது அரண்மனை வழக்கம். சைக்கிளை அவ்வளவு மெதுவாக ஓட்டினால் அது நிற்காது, சாயும். பின்னால் வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

மார்கழிக் கடைசியில் சபை கூடியது.

"இனி வருஷம் முழுக்க நெடுந்தூரப் பயணம்தான்," என்றார் ராஜா. "தையில் திருச்செந்தூர். ஆனியில் குற்றாலம். ஐப்பசியில் கன்னியாகுமரி. எல்லாம் சைக்கிளில்! யார் ஏற்பாடு செய்கிறீர்கள்?"

எல்லாரும் அவரவர் முழங்கால் கட்டைப் பார்த்துக்கொண்டார்கள். தளவாய் செங்கமலநாதர் மட்டும் எழுந்தார். அவருக்குச் சபை விகடகவி அம்பலவாணன் என்றாலே எரியும். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அம்பலவாணன் பேசினால் ராஜா சிரிப்பார். தளவாய் பேசினால் கொட்டாவி விடுவார்.

"அம்பலவாணன் இருக்கும்போது வேறு யார், மகாராஜா? ஆனால் மரியாதை குறையக் கூடாது. தங்களுக்கு முன்னால் ஒரு ஈ கூடப் போகக் கூடாது. தாங்கள் சைக்கிளை விட்டு இறங்குகிற இடத்தில், நம் அரண்மனைச் சமையற்காரர் கையால் சுட்ட தோசை சூடாகக் காத்திருக்கணும். இதில் ஒன்று தவறினாலும் அம்பலவாணன் சபையை விட்டு மூட்டை கட்டணும்."

"பிரமாதம்! அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா. தோசை என்றால் அவர் யோசிக்க மாட்டார்.

சமையற்காரர் சுடலைமுத்து அம்பலவாணனிடம் ஓடி வந்தார். "அய்யா, ராஜாவுக்குப் பின்னால வரணுமாம். ராஜா இறங்குறதுக்கு முந்தி தோசையும் சுடணுமாம். நான் என்ன பறந்தா வர முடியும்?"

"நீங்க ஒரு அடி கூட நகர வேண்டாம். மடைப்பள்ளிக் கொல்லையில அடுப்பைப் போடுங்க."

"கொல்லையிலயா? திருச்செந்தூருக்கு இல்ல போறீங்க?"

"மாவு பொங்கியிருக்கான்னு பாருங்க, போதும்."

தை பிறந்தது. பயணம் கிளம்பியது. முன்னால் ராஜா, அடுத்து அம்பலவாணன், அதற்குப் பின்னால் தளவாயும் சபையும்.

"இடது பக்கம், மகாராஜா," என்றான் அம்பலவாணன். குளக்கரை வந்தது. "மறுபடி இடது." பனந்தோப்பு வந்தது. "இன்னொரு இடது." வெயில் ஏறியது. ராஜாவின் தலைப்பாகை நனைந்து கண்ணை மறைத்தது.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம்.

"என்னடா அது?"

"தளவாய் மரியாதை செய்கிறார், மகாராஜா."

கொஞ்ச தூரம் போனதும் ராஜா முனகினார். "அம்பலவாணா, இறங்கி ஒரு வாய் தண்ணீர்..."

"தாராளமா இறங்கலாம். ஆனால் இங்கே தோசை இல்லையே. தங்கள் ஆணையைத் தாங்களே மீறலாமா?"

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கடைசியில் ஒரு பெரிய மதில் வந்தது. தோசை வாசனையும் வந்தது. ராஜா சைக்கிளைப் போட்டுவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். நாலைந்து தோசை உள்ளே போன பிறகுதான் சுற்றிப் பார்த்தார். ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள்.

"நல்ல ஊர்தான். ஆனால் கடல் எங்கே?"

ராஜாக்கள் மடைப்பள்ளிக் கொல்லைக்கு வருவது கிடையாது. தன் வீட்டுக் கொல்லையே அவருக்குத் தெரியவில்லை!

தளவாய் நொண்டிக்கொண்டே வந்தார். "மகாராஜா! இது நம் அரண்மனைக் கொல்லை! ஊரைச் சுற்றி இழுத்து வந்து ஏமாற்றிவிட்டான்!"

ராஜா மெல்லுவதை நிறுத்தினார். "அம்பலவாணா, மூட்டை கட்டிவிட்டாயா?"

"கட்டித்தான் வைத்திருக்கிறேன். தங்களுக்கு முன்னால் யாராவது போனார்களா, மகாராஜா?"

"இல்லை."

"தோசை?"

"சூடாகத்தான் இருந்தது."

"கைப்பக்குவம் நம் சுடலைமுத்துதானே? இரண்டு ஆணையும் நிறைவேறுகிற ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதான். அதனால் வருஷம் முழுக்க இங்கேயே ஏற்பாடு செய்துவிட்டேன். ஆனியில் குற்றாலம், இதே கொல்லை. கிணற்றில் இறைத்துத் தங்கள் தலையில் ஊற்ற ஆள் சொல்லியாச்சு. ஐப்பசியில் கன்னியாகுமரி. சூரியன் அந்த முருங்கை மரத்துக்குப் பின்னால் உதிக்கும்."

"அடேய்! அப்போ நான் கடலை எப்படித்தான் பார்ப்பது?"

"தோசைக்கல் முன்னால் போகணும். இல்லாவிட்டால் கடலை இங்கே வரச் சொல்லணும். ஆனால் அதுவும் தங்களுக்குப் பின்னால்தான் நிற்கணும். திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம்."

ராஜா சிரித்த சிரிப்பில் தொண்டையில் தோசை சிக்கிக்கொண்டது. தளவாய்தான் முதுகைத் தட்டினார்.

"போங்கடா! நாளைக்கு எல்லாரும் எனக்கு முன்னால் போங்க! தோசைக்கல் முதலில் போகட்டும்!" என்றார் ராஜா, தண்ணீர் குடித்துவிட்டு. "அம்பலவாணா, உனக்கு என்ன வேணும், கேள்."

"ஒரு தோசை, மகாராஜா."

"இவ்வளவுதானா? அதைக் கேட்கவா வேணும்? எடுத்துச் சாப்பிட வேண்டியதுதானே?"

"தாங்கள் சாப்பிட்டு முடிக்காமல் நாங்கள் சாப்பிடக் கூடாது. தாங்கள்தான் இன்னும் முடிக்கவே இல்லையே!"

ராஜா தன் இலையைப் பார்த்தார். பசியோடு நின்ற சபையைப் பார்த்தார். இலையைப் பாதியில் மூடினார்.

"சுடலைமுத்து, அடுத்த தோசையை இவனுக்குப் போடு."