கடைசியாக வந்தவருக்கு முதலில்

செம்பாறை மலையடிவாரத்து வண்டிப்பேட்டையில் குமராண்டியார் என்றொரு முருகனடியார் இருந்தார். பாரம் இழுத்து வரும் மாடுகளுக்குக் கால் உருவிவிடுவது அவருடைய பிழைப்பு. மாட்டின் விலாவில் காதை வைத்து, சரவணபவ என்னும் ஆறெழுத்தைச் சொல்லிக்கொண்டே குளம்பிலிருந்து மேல்நோக்கித் தேய்ப்பார். அதன் நெஞ்சு அடங்கினால்தான் கையை எடுப்பார். வேறு பூசை அவருக்குத் தெரியாது.

தைப்பூசத்தன்று ஏழு ஊர்களிலிருந்து ஊருக்கு ஒருவராக மலையை மூன்று முறை சுற்றி ஓடுவார்கள். முதலில் வருபவருக்குக் கோயில் பரிவட்டம். ஓடி முடித்தவர்களுக்குக் குமராண்டியார் தொண்டு செய்வார். யாரையும் உடனே உட்கார விடமாட்டார். சற்று நடக்க வைப்பார். பிறகு படுக்கவைத்து, நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தடவி, பாதத்திலிருந்து நெஞ்சை நோக்கி உருவுவார். மணிக்கட்டில் விரல் வைத்து ஆறெழுத்தை நிதானமாகச் சொல்வார். அதற்குள் நாடி பன்னிரண்டு முறை துடித்தால், "இன்னும் ஓடிட்டிருக்கீங்க" என்பார். ஆறாக இறங்கினால், "வந்து சேந்துட்டீங்க, எந்திரிங்க" என்பார்.

கடைசியாக வந்தவரைத்தான் அவர் முதலில் தொடுவார். அந்த வழக்கமே அவருக்கு வினையாயிற்று.

ஓர் ஆண்டு பெரியதனக்காரர் நல்லமுத்துவின் மகன் செங்கோடன் முதலில் வந்தான். நடக்கச் சொன்னதைக் கேளாமல் பந்தலில் போய் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். தேறி எழ ஒரு மாதமாயிற்று. அந்த நேரம் குமராண்டியார் கடைசியில் வந்தவனின் காலடியில் இருந்ததை ஊர் மறக்கவில்லை. அயலூரார் அவரை வளைத்துவிட்டார்கள் என்றனர் சிலர். எண்ணெயில் ஏதோ கலந்திருக்கிறது என்றனர் வேறு சிலர். அவர் முணுமுணுப்பது சாமி பெயரே அல்ல, ஏவல் என்றாள் ஒருத்தி. வண்டிக்காரர்கள் அவரைக் கண்டதும் மாட்டை ஒதுக்கி ஓட்டிப் போனார்கள்.

அடுத்த ஆண்டு ஓட்டத்துக்கு முன் நல்லமுத்து எண்ணெய்ச் சட்டியை வாங்கி மோந்து பார்த்தார்.

"குடிச்சுக் காட்டு."

குமராண்டியார் ஒரு கை அள்ளிக் குடித்தார். இரண்டு பேர் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்திருந்தார்கள். ஏப்பம்தான் வந்தது.

"மொதல்ல வர்றவனத்தான் மொதல்ல தொடோணும். இல்லீன்னா இனி நீ இந்த மலைப்பக்கம் காலெடுத்து வெக்கக்கூடாது. சாமி கும்பிடவும் வரக்கூடாது" என்றார் நல்லமுத்து.

"அது ஒண்ணு மட்டும் முடியாதுங்க சாமி. உலகத்தையே சுத்தி வந்தும் பழம் கெடைக்காம நின்னவருங்க நம்ம முருகன். கடைசியா வந்த அவர அன்னைக்கு யாரும் தொட்டு ஒரு வார்த்தை கேக்கலீங்களே."

"அவரு மயில்லயல்லோ போனாரு? அப்ப மயிலுக்குப் போய்க் காலப் புடி!" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

"காலு நோவாம இருந்திருக்கலாமுங்க. நெஞ்சு?" என்றார் அடியார்.

ஓட்டம் தொடங்கியது. செங்கோடன்தான் முதலில் வந்தான். "உக்காராதீங்க தம்பி, நடங்க" என்று குமராண்டியார் குரல் கொடுத்தார். இம்முறை அவன் நடந்தான். ஏழு பேரும் வந்து சேர்ந்த பிறகு, எட்டாவதாக ஒருவர் வளைவில் தள்ளாடி வந்தார். இடையில் கோவணம், முழங்கால்வரை செம்மண்.

"ஏழு பேருதானே ஓடுனாங்க? இவன் யாரு? எந்த ஊர் ஒற்றன்?" என்று நல்லமுத்து எழுந்தார்.

குமராண்டியார் எதையும் கேட்கவில்லை. அவரைத் தாங்கி நடக்கவைத்து, படுக்கவைத்து, உருவத் தொடங்கினார். ஆறெழுத்துக்குப் பன்னிரண்டு துடிப்பு. வெகுநேரம் கழித்து ஆறு.

"வந்து சேந்துட்டீங்க, எந்திரிங்க."

"எத்தனையோ காலம் கழிச்சு இன்னைக்குத்தான் மூச்சு வாங்கறேன்" என்று சொல்லி, அந்த மனிதர் எழுந்து மலைப்படிகளில் ஏறிப்போனார்.

"அவன் பின்னாலயே போயி எங்க போறான்னு பாருங்கடா!" என்று இரண்டு பேரை அனுப்பிவிட்டு, நல்லமுத்து அடியாரிடம் திரும்பினார். "உன் சோலி முடிஞ்சுது. போ."

"போறனுங்க. தம்பியோட நாடிய மட்டும் பாத்துட்டுப் போயிர்றனுங்க."

தகப்பன் தடுக்குமுன் செங்கோடன் தானே வந்து காலை நீட்டிப் படுத்தான்.

சற்று நேரத்தில் போன இருவரும் வெளிறிய முகத்தோடு குருக்களை அழைத்து வந்தார்கள்.

"எண்ணெய்க் கால்தடம் பூட்டின சன்னதி வரைக்கும் போகுதுங்க. திரும்பி வந்த தடமே இல்லீங்க."

"கதவைத் திறந்தா சுவாமி முழங்கால் வரைக்கும் செம்மண். மார்புச் சந்தனம் வேர்த்து வழியறது" என்ற குருக்கள், சுவாமி பாதத்திலிருந்து எடுத்த பூவை நீட்டினார்.

நல்லமுத்து அதையும் நம்பாமல் வாங்கி மோந்து பார்த்தார். நொச்சி மணந்தது. காலையில் தாம் குடிக்கச் சொன்ன அதே எண்ணெய்.

பூவோடு ஓடிப்போய்க் குமராண்டியாரின் முன் விழுந்தார். "சாமி, என்னை மன்னிக்கோணும். வந்தது முருகனுங்க!"

அடியாரின் கண்களில் நீர் வழிந்தது. ஆனால் செங்கோடனின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க சாமி. தம்பி இன்னும் வந்து சேரலீங்க."

தெய்வமே வந்து போன பிறகும், தொட்டவரின் நெஞ்சு அடங்கும்வரை எடுக்காத அந்தக் கைகளை நாமும் நினைத்து வணங்குவோம்.