அதே இடம்

ஒரு விசைப்படகில் இரண்டு வலைகள் இருந்தன. ஒன்று பெரிய மடிவலை. இன்னொன்று ஆராய்ச்சிக்கென்றே பின்னிய சின்ன வலை.

பெரிய வலைக்கு மாதம் முழுதும் வேலை. சின்ன வலைக்கு மாதத்தில் ஒரே நாள். அன்றைக்குப் பூங்கோதை என்கிற மீன் ஆராய்ச்சிக்காரப் பெண் படகில் ஏறுவாள். அனல்மின் நிலையத்து வெந்நீர் கடலில் வந்து விழுகிற வாய்க்காலுக்கு நேர் எதிரே, எப்போதும் அதே இடத்தில், அதே வேகத்தில், அரை மணி நேரம் சின்ன வலையை இழுக்க வேண்டும். விழுந்த மீனை எண்ணி, அளந்து, மூச்சு இருக்கும்போதே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

பெரிய வலைக்கு இது ஒரே சிரிப்பு. "பிடிக்கிறதையும் பிடிச்சுத் திருப்பியும் விடுறியே! உன்னை நம்பி ஒரு வீட்டுல உலை வைக்க முடியுமாடி?"

"உலை வைக்கத்தான் நீங்க இருக்கீங்களே அக்கா. நான் தொட்டுப் பார்க்கிற கை. பிள்ளைக்கு உடம்பு சுடுதான்னு நெத்தியில கை வைக்கிறோம். அந்தக் கையில என்ன இருக்கும்? ஒண்ணும் இருக்காது."

"பேச்சுல மட்டும் குறைச்சல் இல்ல!"

ஆனால் ஆறு மாதமாக அந்தக் கைக்கே பயம் பிடித்திருந்தது. தை மாதத்தில் முந்நூறு கிழங்கான் மீன் விழுந்த இடம் அது. மாதா மாதம் குறைந்து குறைந்து, போன முறை மூன்றே மூன்று.

"இந்தத் தடவை பாசிதான் வரும் பாரு. அப்புறம் உன்னைக் கோழிக்கூட்டுக்குக் கட்டிருவாங்க," என்றது பெரிய வலை.

'ஆண்டவரே, என்னை நிறைய வைக்காட்டியும் நேரா வைங்க' என்று சின்ன வலை மனசுக்குள் வேண்டிக்கொண்டது.

அன்று காலை அது கடலில் இறங்கியது. அதன் வாயை விரித்துப் பிடிக்கிற இரண்டு மரப்பலகைகளும் ஆளுக்கொரு பக்கமாகக் கூடவே இறங்கின. அடியில் வெந்நீர் எதிரே வந்தது.

"வா தாயி. இங்க ஒருத்தரும் இல்ல. நான்தான் எல்லாரையும் விரட்டிட்டேன்," என்றது வெந்நீர், அழாத குறையாக. "மெஷினோட சூட்டை எல்லாம் தலையில வாங்கிட்டு ஓடி வர்றேன். நின்னு ஆற வழியில ஒரு குளம் வெட்டித் தந்தாப் போதும். இந்த மாசம் நீ கொண்டுபோறதைப் பார்த்துத்தான் குளம் வேணுமா வேண்டாமான்னு மின் நிலையத்துல முடிவு பண்ணப் போறாங்களாம். நான் சொன்னா யாரு கேப்பா? நீயாவது சொல்லும்மா."

"உள்ளதைச் சொல்றேன்," என்றது வலை.

சொல்லி வாய் மூடவில்லை, கயிறு ஒரு பக்கமாக இழுத்தது. படகு திரும்பிக்கொண்டிருந்தது.

மேலே சுக்கான் பிடித்திருந்தவர் சந்தியாகு. நாற்பது வருஷமாக மீன் இருக்கிற திசை பார்த்தே படகைத் திருப்பிய கை அவருடையது. வெறும் வலையைத் தூக்குவது அவருக்குச் சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி. பூங்கோதை குனிந்து சீசாவில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மெல்லத் தெற்கே திருப்பிவிட்டார்.

தெற்கே பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குளுகுளுவென்று இருந்தது. அங்கே வெள்ளி வெள்ளியாகக் கிழங்கான் கூட்டம்.

சின்ன வலைக்கும் ஆசை வராமல் இல்லை. மடி நிறைய மேலே போனால் அந்தப் பெரிய வலையின் முகம் எப்படி இருக்கும்! ஒரு நொடி அப்படியே நினைத்துப் பார்த்தது. பிறகு வெந்நீரின் குரல் ஞாபகம் வந்தது. இந்த மீனைக் கொண்டுபோய் அந்த இடத்து மீன் என்று காட்டினால், குளம் வேண்டாம் என்றாகிவிடும்.

"பலகை அண்ணன்மாரே! ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சிருங்க. என் வாயை மூடிருங்க!"

"முறுக்கிக்கிட்டா உனக்கு வலிக்குமே புள்ள?"

"வலிக்கட்டும்."

பலகைகள் குறுக்கே விழுந்தன. பிழிந்த துணி மாதிரி வலை மேலே வந்தது. இரண்டு இடத்தில் கிழிந்தும் போயிருந்தது.

பூங்கோதை பார்த்தாள். "இது செல்லாது அண்ணே. எப்படிச் சிக்கிச்சு? நேராத்தானே போனோம்?"

சந்தியாகு தலையைச் சொறிந்தார். "நான்தான் திருப்பிட்டேன்ம்மா. பொம்பளப் பிள்ளை மாசா மாசம் வந்து வெறுங்கையாப் போகுதே, நாலு மீனாவது கிடைக்கட்டுமேன்னு..."

அவளுக்குக் கோபம் வரவில்லை. "மீன் எங்க இருக்குன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும் அண்ணே. எங்க இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் நான் வர்றேன்."

அவர் ஊசி எடுத்து வலையைத் தானே தைத்தார். சுக்கானைப் பிடித்து, மீன் இல்லை என்று தெரிந்த தண்ணீரில், ஒரு முழம்கூட விலகாமல் அரை மணி நேரம் போனார்.

"தண்ணி தெரியாதவன் ஓட்டுற மாதிரி ஓட்ட வச்சிட்டியேம்மா!" என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

வலை வந்தது. ஒரு பாசிக் கொத்து. அவ்வளவுதான். பூங்கோதை நோட்டில் மீன் எண்ணிக்கைக்கு நேரே ஒரு சுழி போட்டாள்.

"சுழியா?" என்றது பெரிய வலை.

"சுழிதான்," என்றது சின்ன வலை. தைத்த இடம் தெரிய, காற்றில் விரிந்து உலர்ந்தது. அதற்குக் கூச்சமே இல்லை.

அந்தச் சுழி மின் நிலையத்துக்குப் போனது. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். குளம் வெட்டினார்கள். வெந்நீர் அதில் நின்று நிதானமாக ஆறி, கடலுக்கு நடந்து வந்தது.

குளம் வந்த பிறகும் நாலு மாதம் சுழிதான். ஐந்தாவது மாதம் மடியில் என்னவோ துள்ளியது.

"ஏழு!" என்று கத்தினார் சந்தியாகு. டன் டன்னாக அள்ளிய மனுஷன். "ஏழும்மா! விரல் நீளக் குஞ்சு!"

அளந்து முடித்ததும் அவரே ஏழையும் தண்ணீர்த் தொட்டியோடு தூக்கிக் கடலில் சாய்த்தார். "போங்க சாமி, போய் வளருங்க."

சின்ன வலையில் மறுபடியும் ஒன்றும் இல்லை. பெரிய வலை முதல் தடவையாகச் சிரிக்காமல் கேட்டது. "அடுத்த மாசம் எங்க இறங்குவ?"

"அதே இடத்துலதான் அக்கா."