சர்பத்து வரியும் மூழ்கிய எலுமிச்சையும்

சர்க்கரை இருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடிப்பது எறும்பு என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. கற்றவர்களும் இதைத் திருத்தாமல் விட்டிருப்பது வருந்தத்தக்கது. முதலில் வந்து சேர்பவர் வரி அதிகாரி. எறும்பு அவருக்குப் பின்னால்தான் வருகிறது. கன்னல்பட்டினத்தில் நடந்தது இதற்குச் சான்று.

அந்த நகரத்தார் சர்பத்துப் பிரியர்கள். விருந்தாளி குடித்து முடித்ததும் உதடுகளைச் சேர்த்துப் பார்த்து, "ஒட்டுது" என்று சொல்ல வேண்டும். அது அங்கே மரியாதை. ஒட்டவில்லை என்றால் ஊற்றியவர் கஞ்சர். கஞ்சர் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். விளைவாக, நாற்பது வயதில் பல்லோடு ஒருவர் சிரித்தால், "எந்த ஊர் நீங்க?" என்று கேட்கும் நிலை வந்தது.

அரசி செங்கமலவல்லி கவலைப்பட்டு வரி அமைச்சர் பராங்குசரை அழைத்தாள். அவர் ஒரு வழி சொன்னார். வெறும் தண்ணீரில் மூழ்கும் கனத்த எலுமிச்சம்பழமாகப் பொறுக்கி, அதைக் கடைதோறும் சர்பத்தில் போட்டுப் பார்ப்பது. பழம் மிதந்தால் சர்க்கரை மிகுதி. குவளைக்கு ஒரு காசு வரி. மூழ்கினால் வரி இல்லை.

"குடித்தால் கஜானா நிறையும், குடிக்காவிட்டால் பல் பிழைக்கும். எப்படிப் போனாலும் நமக்கு நட்டமில்லை, தாயே" என்றார் அமைச்சர். எந்தக் காலத்து அமைச்சரும் பொறாமைப்படக்கூடிய யோசனைதான்.

அரசி அதோடு, ஆண்டு முடிவில் சபையில் கொடுப்பதாக ஒரு பரிசையும் அறிவித்தாள். நகரம் குடிக்கும் சர்க்கரையைக் குறைத்தவர் யாரோ அவருக்கு, தேர்த் திருவிழாவில் சர்பத்துப் பந்தல் போடும் உரிமை, ஆயுள் முழுவதும்.

கடைக்காரர்கள் வரியை விலையில் ஏற்றினார்கள். பிறகு அரசியைத் திட்டினார்கள். குடிப்பவர்களும் திட்டினார்கள், ஆனால் நடந்துகொண்டே திட்டினார்கள். வடக்கு வாசலுக்கு வெளியே நகர வரி செல்லாது. அங்கே பூங்காவனம் என்பவள் கீற்றுக் கொட்டகை போட்டு, பழைய இனிப்பைப் பழைய விலைக்கு ஊற்றத் தொடங்கியிருந்தாள். கொட்டகை தொலைவில் இருந்தது, வெயிலும் இருந்தது. ஆட்களை ஏற்றி வர மாட்டுவண்டிக்காரர்களிடம் அவள் பேசிப் பார்த்தாள். வாடகை படியவில்லை.

தெற்கு வீதிக் கடைக்காரன் வடிவுடையான் மட்டும் விலையை ஏற்றாமல் வரியைக் கைக்காசில் கட்டிவந்தான். ஏற்றினால் மிச்சமிருந்த நாலு பேரும் வடக்கே போய்விடுவார்கள். இனிப்பைக் குறைத்தாலோ உதடு ஒட்டாது; மகள் தையல்நாயகிக்கு அப்போதுதான் வரன் கூடி வந்திருந்தது. அவன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பிடி சர்க்கரையைக் குறைத்தான். குறைத்த இடத்தில் ஊறவைத்த பாதாம் பிசினைக் கலந்தான். வாசனைக்கு நன்னாரி. நாக்கு மெல்ல மெல்லப் பழகியது. உதடு பிசினில் ஒட்டியது. ஒருநாள் அதிகாரி போட்ட எலுமிச்சை அடியில் போய் உட்கார்ந்தது. அவர் பழம் கெட்டுவிட்டதென்று வேறு பழம் வாங்கப் போனார்.

ஆண்டு முடிந்தது. விலை ஏறாத கடை என்று பாதி நகரம் வடிவுடையானிடம் வந்துகொண்டிருந்தாலும், வந்த காசு பழைய நட்டத்துக்கே சரியாக இருந்தது. பந்தல் கிடைத்தால் கடை நிலைக்கும். கேட்டு வாங்க வேண்டுமானால் செய்ததைச் சபையில் சொல்ல வேண்டும். சொன்னால் சம்பந்தம் போகும். அவன் போய்ச் சொன்னான்.

சபையில் இருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்துவிட்டார். "நிச்சயத்துக்கு வந்தப்போ எங்களுக்கு ஊத்தினதும் பிசின்தானா?"

"அதேதான், சம்பந்தி. மூணு குவளை கேட்டு வாங்கிக் குடிச்சீங்க."

"ஒட்டுதுன்னு வேற சொன்னேனய்யா!" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

பூங்காவனம் முன்னால் வந்தாள். "தாயே, தினம் மூணு வேளை குடிச்சவங்க என்கிட்ட வாரத்துக்கு ஒருக்காதான் வர்றாங்க. அந்த வெயில்ல யாரு நடப்பா? குறைச்சது என் கடைதான்."

பராங்குசர் சிரித்தார். "நான் வரி போட்டேன், அதனால் இவள் கடை போட்டாள், இவன் பிசினைத் தேடினான். வேர் நான். போகட்டும், வரி கட்டாமல் தப்பியவனுக்கா பரிசு?"

"யாரும் கட்டக் கூடாதுன்னுதானே ஐயா போட்டீங்க?" என்றான் வடிவுடையான்.

அரசி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மூவராலும் சர்க்கரை குறைந்தது உண்மை. வாசகரே, அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் பந்தலை யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை: வடிவுடையானுக்கு. அமைச்சரின் எலுமிச்சை மெச்சத்தக்கது. ஆனால் அதே பழம் எல்லாக் கடையிலும் விழுந்தது, மற்றவர்கள் விலையை மட்டுமே ஏற்றினார்கள். மேலும், எப்படிப் போனாலும் நட்டமில்லை என்று சொன்னவர் எதையும் பணயம் வைக்கவில்லை. பூங்காவனத்தின் கடையில் சர்க்கரையைக் குறைத்தது வெயில். வண்டி படிந்திருந்தால் அவள் வெயிலையும் வென்றிருப்பாள். மற்றவர்களைப் போல விலையை ஏற்றாமல் சர்க்கரையையே குறைத்தவன், அதற்காகத் தன் பெயரையும் மகளின் சம்பந்தத்தையும் சபையில் வைத்தவன், ஒருவன்தான். அரசியும் அப்படியே தீர்ப்பளித்தாள். மூன்று குவளை குடித்ததை மறுக்க முடியாத சம்பந்தி, பந்தல்காரர் வீட்டுச் சம்பந்தத்தைக் கைவிடவும் மனமில்லாமல் சம்மதித்தார். ஆவணியில் கல்யாணம். மற்றக் கடைகளும் அதற்குள் பிசினுக்கு மாறியிருந்தன. வரி வசூல் வற்றி, அரண்மனை யானைக்குத் தீனிச் செலவு குறைக்கப்பட்டிருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு யானை வரவில்லை. மாப்பிள்ளை நடந்து வந்தார்.