புல் தின்னாத முந்நூறு குதிரைகள்

முன்னொரு காலத்தில், யாருக்குக் கால் வலித்தாலும் தன் மனம் வலிக்கிற ராஜா ஒருவர் இருந்தார். ஒரு நாள் உப்பரிகையில் நின்று, எல்லைக் காவல் முடிந்து திரும்பும் படையைப் பார்த்தார். முன்னால் குதிரைப் படை ஜம்மென்று வந்தது. பின்னால் முந்நூறு காலாட்கள், அந்தக் குதிரைகள் கிளப்பிய புழுதியை விழுங்கிக்கொண்டு, கொப்புளம் வெடித்த காலோடு நொண்டி நொண்டி வந்தார்கள்.

"இனி என் காலாள் ஒவ்வொருவனுக்கும் ஒரு குதிரை இருக்க வேண்டும்" என்றார் ராஜா.

குதிரைப் படைத் தலைவர் விருப்பண்ணருக்குப் பகீரென்றது. காலாளும் குதிரை ஏறிவிட்டால் அவர் யாரைப் பார்த்து மீசையை முறுக்குவார்? சபை விகடகவி மாசிலாமணி மீதும் அவருக்கு நெடுநாள் கடுப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வலையாக விரித்தார்.

"உன்னதமான எண்ணம், அரசே. ஆனால் லாயத்தில் இடமில்லை. இருக்கிற குதிரைகளுக்கே புல்லும் கொள்ளும் பற்றவில்லை. புல் தின்னாத குதிரையாகப் பார்த்துக் கொண்டுவர மாசிலாமணியால்தான் முடியும். தம்மால் ஆகாதது எதுவுமில்லை என்று நேற்றும் சபையில் சொன்னாரே."

"ஆமாம், சொன்னார். மூன்று மாதம் தருகிறேன், மாசிலாமணி."

"தவறினால் ஆயுள் முழுக்க என் லாயத்தில் லத்தி அள்ளட்டும், அரசே."

ராஜா உற்சாகத்தில் அதற்கும் தலையாட்டிவிட்டார்.

மாசிலாமணி வணங்கினார். "ஆளுக்கொரு குதிரை. புல் தின்னக் கூடாது. உயரம் இவ்வளவு என்று கணக்குண்டா, அரசே?"

"அது உமது விருப்பம்."

"அதையும் ஓலையில் எழுதச் சொல்லுங்கள்."

வாய் துணிந்துவிட்டது, வழிதான் தெரியவில்லை. மறுநாள் மாசிலாமணி பயிற்சித் திடலில் போய் நின்றார். தூறிக்கொண்டிருந்தது. முந்நூறு பேரும் துப்பாக்கித் திரியை வாயால் ஊதி ஊதிக் கன்னம் வீங்கி நின்றார்கள்.

அந்நாளைய துப்பாக்கியில் நெருப்பு தனியாகத்தான் வர வேண்டும். எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் ஒரு கயிற்றுத் திரி. அதைக் கவ்விப் பிடிக்க வளைந்த இரும்புக் கை ஒன்று; படையில் அதற்குப் பாம்பு என்று பெயர். விசையை இழுத்தால் பாம்பு தலை குனியும், திரி வெடிமருந்துக் கிண்ணத்தைத் தொடும், குண்டு பாயும். திரி நனைந்தாலோ ஒன்றும் நடக்காது. இவர்களுடைய பாட்டன்மார் வில் பிடித்தார்கள். அந்த நாணும் மழையில் தளர்ந்துதான் போனது. எந்தக் காலத்திலும் காலாள் மேல் மழைக்கு ஒரு வன்மம்.

"நனைஞ்சா இந்தப் பாம்பு சீறாது சாமி" என்றான் தாடி கருகிய ஒருவன். "போன மழைக்கு எதிரி வந்தப்ப, ஊதிக்கிட்டே ஓடினோம். குதிரைக்காரங்க இன்னும் அதச் சொல்லிச் சிரிக்கிறாங்க."

மாசிலாமணி நேராகப் பூட்டுக் கொல்லர் சங்கிலி ஆசாரியின் பட்டறைக்குப் போனார். "மழையில் அணையாத நெருப்பு உண்டா, ஆசாரி?"

"அணையறதுக்கு முதல்ல நெருப்பு இருக்கணுமே" என்று ஆசாரி ஒரு பழைய துப்பாக்கியை எடுத்தார். "கப்பல்காரன் ஒருத்தன் சரிபண்ணக் குடுத்தது. இதுல திரியே இல்ல, பாருங்க."

விசையை இழுத்தார். டக். ஒரு பொறி பறந்தது. பாம்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு கை இருந்தது. அதைக் கொல்லர் தெருவில் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்று ஆசாரி சொன்னார். மாசிலாமணி பட்டறைத் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மறுநாளே கொல்லர் தெருவின் உலைகளெல்லாம் எரியத் தொடங்கின. குழல் பழையது, கட்டை பழையது. பொறி தட்டும் பூட்டு மட்டும் புதிது.

கெடு முடிந்த அன்றும் தூறல்தான். விருப்பண்ணர் தம் வெள்ளைக் குதிரை மேல் வந்தார். கூடவே ஒரு கூடையும் மண்வெட்டியும் கொண்டுவந்து திடலோரம் வைக்கச் செய்தார். முந்நூறு பேரும் நடந்தே வந்து வரிசையில் நின்றார்கள்.

"குதிரைகள் எங்கே?" என்றார் ராஜா.

"அவரவர் தோளில், அரசே." ஒரு துப்பாக்கியை வாங்கிக் காட்டினார் மாசிலாமணி. "இந்தக் கைக்குக் கொல்லர் தெருவில் பெயரே குதிரை. வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கடித்திருக்கிறது. புல்லைத் திரும்பியும் பார்க்காது. மருந்துக் கிண்ணத்துக்கு எஃகு மூடி உண்டு. தூறல் உள்ளே போகாது. விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து மூடியின் முகத்தில் கல்லை உரசும். அந்த ஓர் உரசலில் மூடியும் திறக்கும், பொறியும் உள்ளே விழும்."

"இதில் எவன் ஏற முடியும்?" என்றார் விருப்பண்ணர்.

"உங்கள் ஆட்கள் குதிரையில் ஏறுவார்கள், தலைவரே. இவர்கள் குதிரையை ஏற்றுவார்கள், இப்படிப் பின்னுக்கு இழுத்து. இருக்க வேண்டும் என்றுதான் ஆணை. ஏற வேண்டும் என்று ஓலையில் இல்லை." திரும்பி உரக்கச் சொன்னார். "குதிரையை ஏற்று. சுடு."

தூறலைக் கிழித்துக்கொண்டு திடல் அதிர்ந்தது. பத்திருபது துப்பாக்கிகள் மட்டும் டக்கென்றதோடு நின்றுவிட்டன.

"அவை சண்டிக் குதிரைகள், அரசே. எந்த லாயத்திலும் நாலு இருக்கும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "லத்தி போடுமா?"

"கொஞ்சம் கரி போடும். அவனவனே துடைத்துக்கொள்வான்."

முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணியின் கழுத்தில் போட்டார் ராஜா. "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"முந்நூறு ஜோடி செருப்பு, அரசே. கால் வலியில்தானே இது தொடங்கியது."

"தந்தேன்" என்ற ராஜாவின் கண் திடலோரம் போனது. வெடிச் சத்தத்தில் மிரண்ட வெள்ளைக் குதிரை விருப்பண்ணரை மண்ணில் இறக்கிவிட்டு, பயத்தில் அவர் பக்கத்திலேயே தன் காரியத்தையும் முடித்திருந்தது.

"நல்லவேளை, தலைவரே" என்றார் ராஜா, சிரிப்பை அடக்க முடியாமல். "கூடையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறீர்."