இலுப்பைப் பொந்து சொன்ன சேதி

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. தை மாதத்திலேயே காட்டு ஏரி வற்றிப்போனது. மான்களும் முயல்களும் காட்டுப்பன்றிகளும் சேற்றில் வாய் வைத்துக் குடித்தன. வேறெங்கே தண்ணீர் இருக்கிறது? எந்தப் பக்கம் போனால் பிழைக்கலாம்? எல்லோருக்கும் இதே கவலைதான்.

முன்பெல்லாம் தூர தேசத்துச் சேதியைப் பறவைகள்தான் கொண்டுவரும். ஆனால் அவை நினைத்தபோதுதான் வரும். ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கும். பாதிக் கேள்விக்குத் "தெரியாது" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிடும்.

அப்படியிருக்க, ஏரிக்கரையில் பட்டுப்போய் நின்ற இலுப்பை மரம் ஒருநாள் பேசத் தொடங்கியது!

வெளிச்சம் மங்கும் வேளையில் அதன் பொந்துக்குள்ளிருந்து குரல் வரும். மான் கேட்டால் மான் குரலில் பதில் வரும். பன்றி கேட்டால் பன்றிக் குரலில் வரும். கடலுக்கு அப்பால் நடந்ததைக்கூடக் கேட்ட மறுகணமே சொல்லிவிடும். தெரியாது என்ற பேச்சே அதனிடம் இல்லை.

"வடக்கே காடு எரிகிறது! தெற்கே யானைகள் மதம் பிடித்து அலைகின்றன! மேற்குக் கணவாய்க்கு அப்பால் மட்டும்தான் மழை. விடியற்காலைப் பனியிலேயே கிளம்பிவிடுங்கள்!"

விலங்குகள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டன. வெள்ளைப் பனிக்குள் முதலில் கால்கள் மறைந்தன. பிறகு முதுகுகள் மறைந்தன. கடைசியில் காதுகளும் மறைந்தன. போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

"அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்று மிச்சமிருந்தவர்கள் கேட்டார்கள்.

போனவர்களின் குரலிலேயே பொந்து பதில் சொன்னது.

மருதி என்று ஒரு புள்ளிமான் இருந்தாள். அவள் தங்கை செம்பியும் மேற்கே போயிருந்தாள். ஒரு மாலை மருதி பொந்தின் முன்னால் வந்து நின்றாள்.

"செம்பி, நன்றாக இருக்கிறாயா?"

"அக்கா, நீயும் வா!" என்றது பொந்து. நடுவில் ஒரு சின்ன இருமல். "சீக்கிரம் வா, அக்கா!"

செம்பியின் குரலேதான்! மருதிக்குக் கண் கலங்கியது. மறுநாளும் போய்க் கேட்டாள்.

"அக்கா, நீயும் வா!" அதே இருமல். "சீக்கிரம் வா, அக்கா!"

மருதி காதை நிமிர்த்தினாள். புறப்பட்ட அன்று பனிக்குள் நின்று செம்பி கூப்பிட்டது இப்படித்தான். இருமியதும் இதே இடத்தில்தான்.

"அம்மா நம்மை விட்டுப்போன இடம் எது, செம்பி?" என்று கேட்டாள்.

"அக்கா, நீயும் வா!" என்றது பொந்து.

மருதி அங்கே நிற்கவில்லை. பறவைகளைத் தேடிப் போனாள்.

முதலில் ஒரு செங்கால் நாரையைக் கண்டாள். "நாரையாரே, வடக்கே காடு எரிகிறதாமே?"

"நான் அந்த வழியாகத்தான் வந்தேன். புகைகூடப் பார்க்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது. இடுப்பளவு இருக்கும்."

"மேற்கே?"

"அந்தப் பக்கம் நான் போகவில்லை. எனக்குத் தெரியாது."

நாரை சொன்னதை மருதி யாரிடமும் சொல்லவில்லை. சேற்றோரம் ஒதுங்கியிருந்த ஒரு காட்டுவாத்திடம் போய், "வடக்கே எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆற்றில்தானே குளித்துவிட்டு வந்தேன்! தீயா? யார் சொன்னது?"

கடைசியாக மொட்டைப் பாறைக்குப் போனாள். அங்கே ஒரு பிணந்தின்னிக் கழுகு உட்கார்ந்திருந்தது. அதன் நாற்றத்துக்கு யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. மருதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"கழுகாரே, மேற்குக் கணவாயைப் பார்த்திருக்கிறீர்களா?"

"தினமும் பார்க்கிறேன். எங்களுக்கு அங்கேதான் சாப்பாடு."

"அங்கே என்ன இருக்கிறது?"

"செந்நாய்கள். பனிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும். மானும் முயலும் தாமாகவே நடந்துவந்து நடுவில் நிற்கும். ஏன் வருகின்றன என்று எனக்குத் தெரியாது. செந்நாய்களோடு ஒரு கரிச்சான் குருவியும் இருக்கிறது. எலும்பில் மொய்க்கும் ஈயைத் தின்று கொழுத்துவிட்டது. யார் குரலையும் அப்படியே பேசும். மாலையானால் கிழக்கே பறந்துவிடும். எங்கே போகிறதோ, நான் பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை."

மருதி தங்கையைப் பற்றிக் கேட்டாள். "காதோரம் வெள்ளை மறு உள்ள ஒரு சின்ன மான்..."

கழுகு தலையைத் திருப்பிக்கொண்டது. "கேட்காதே, அம்மா" என்றது.

மருதி ஏரிக்கு ஓடிவந்து எல்லோரிடமும் சொன்னாள். ஒருவரும் நம்பவில்லை.

"பிணம் தின்கிறவன் பேச்சையா கேட்கச் சொல்கிறாய்?" என்று பன்றிகள் சீறின.

"நாரை ஒன்று சொல்லும், வாத்து ஒன்று சொல்லும். பொந்து என்றைக்காவது தடுமாறியிருக்கிறதா?" என்றன முயல்கள். "விடிந்தால் நாங்கள் மேற்கே கிளம்புகிறோம்!"

"சரி. போவதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். எல்லோரும் கூட இருங்கள்" என்றாள் மருதி.

மாலை வந்தது. இலுப்பை மரத்தைச் சுற்றி எல்லா விலங்குகளும் நின்றன.

"பொந்தே! கடலுக்கு அப்பால் தூமணிக்காடு இருக்கிறதே, அங்கே என்ன சேதி?"

"ஐயோ, அதை ஏன் கேட்கிறாய்!" என்று பொந்து மான் குரலில் அழுதது. "தூமணிக்காட்டில் பெருவெள்ளம்! குட்டிகளையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது! ராஜா சிங்கம் மரத்தில் தொங்குகிறது! மேற்கே ஓடுங்கள்!"

மருதி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "தூமணிக்காடு என்று ஒரு காடே கிடையாது. வரும் வழியில் நானே வைத்த பெயர் அது!"



உடனே பொந்தின் உள்ளேயிருந்து முயல் குரல் கெஞ்சியது. பன்றிக் குரல் உறுமியது. செம்பி இருமினாள். போனவர்கள் எல்லோரும் அந்தப் பொந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் அழுவதுபோல் இருந்தது. முயல்கள் கண்ணை மூடிக்கொண்டன. ஒரு பன்றி பாய்ந்து மரத்தில் மோதியது. நீண்ட வால் கொண்ட கரிச்சான் ஒன்று விருட்டென்று வெளியே வந்து மேற்கே பறந்தது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

மறுநாள் எல்லோரும் வடக்கே கிளம்பினார்கள். கவட்டையன் என்ற கிழட்டுக் கலைமான் மட்டும் மேற்கே திரும்பி நின்றது. அதன் மனைவி முதல் கூட்டத்தோடு போனவள்.

"பெரியப்பா, அது பொய்!" என்றாள் மருதி.

"தெரியும், மகளே" என்றது கவட்டையன். "ஆனால் அது அவள் குரல் இல்லையா?"

மருதி அதன் வழியை மறித்து நின்றாள். கவட்டையன் அவளைக் கொம்பால் மெல்ல ஒதுக்கியது. பனிக்குள் அதன் கால்கள் மறைந்தன. முதுகு மறைந்தது. கொம்புகள் மட்டும் கொஞ்ச நேரம் காய்ந்த கிளைபோல் மிதந்துபோயின.

வடக்கே போனவர்கள் களைத்துப்போய் ஆற்றை அடைந்தார்கள். நாரை சொன்னதுபோல் இடுப்பளவு தண்ணீர் இல்லை. அது வடிந்து முழங்காலளவே இருந்தது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் குடித்த பிறகு மருதி குனிந்து குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள்.

கேட்டவுடன் கிடைக்கிறது, தடுமாறாமல் சொல்கிறது என்று தூரத்துச் சேதியை நம்பிவிடாமல், சொல்பவர் நேரில் பார்த்தவரா, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரா, வேறு வழியில் வந்தவரும் அதையே சொல்கிறாரா என்று விசாரித்த பிறகே நம்ப வேண்டும்.